போலீஸ்காரர் மீது புகார் கொடுக்கப் போகிறீர்களா? மனு முதல் துறை விசாரணை வரை ஒரு வழிகாட்டி

என் நெருங்கிய உறவினர் ஒருவரை விசாரணை என்று காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய் அடித்து அனுப்பினார்கள். வழக்கும் இல்லை, சம்மனும் இல்லை. அதற்காகக் கொடுத்த புகார் பல மேசைகளைச் சுற்றிக் கடைசியில் துறை விசாரணையாக மாறும்வரை அவருடன் அலைந்தவன் நான். நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் எந்த மேசையில் என்ன கேட்பார்கள், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பது இப்போது தெரியும். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக்கானது. குற்றச் சட்டப் பிரிவுகள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களின் எண்கள்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். துறை விசாரணை என்பது காவல்துறைக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான விவகாரம். ‘இவர் நடத்தை விதிகளை மீறினாரா’ என்பதுதான் அங்கே கேள்வி. நீங்கள் அதில் சாட்சி மட்டுமே, வழக்காடுபவர் அல்ல. நியாயம் கேட்டுப் போகிறவர்கள் பாதி வழியில் சோர்ந்துபோவது பெரும்பாலும் இதை அறியாததால்தான்.

1. எந்தப் பாதை என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே சம்பவத்துக்கு மூன்று பாதைகள் உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். ஒன்று நடப்பதால் மற்றொன்று நிற்காது.

முதலாவது துறை நடவடிக்கை. இதன் உச்சம் வேலை போவது. சிறைத் தண்டனையோ உங்களுக்கு இழப்பீடோ இதில் கிடையாது. இரண்டாவது குற்ற வழக்கு. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் என்று போகும். மூன்றாவது மனித உரிமை ஆணையம். இழப்பீடு பெற்றுத் தரக்கூடிய பாதை இதுதான்.

நிரூபிக்க வேண்டிய அளவும் வேறுபடும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். அதனால் நீதிமன்றத்தில் விடுதலையானவர் துறையில் தண்டிக்கப்படுவதும் உண்டு, குற்ற வழக்கே பதிவாகாதவர் ஊதிய உயர்வை இழப்பதும் உண்டு.

2. முதல் 2 நாட்கள்: ஆதாரம் திரட்டுங்கள்

மனுவை நாளை எழுதிக்கொள்ளலாம். காயமும் கேமரா பதிவும் நாளை வரை காத்திருக்காது.

அடி விழுந்திருந்தால் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள். எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது இதன் நகலைத்தான். ‘எப்படி அடிபட்டது?’ என்று மருத்துவர் கேட்கும் அந்த ஒரு நிமிடம் மிக முக்கியம். பயத்தில் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொன்னால் அதுதான் எழுதப்படும். பின்னர் ஒவ்வொரு விசாரணையிலும் அந்த வரியைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள். எத்தனை பேர், எங்கே, எதனால், எத்தனை மணிக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘இன்ன காவல் நிலையத்தைச் சேர்ந்த, பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய இருவர்’ என்று சொன்னால் போதும். வெளிநோயாளிச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். உள்காயம், காது வலி, சிறுநீரில் ரத்தம் போன்றவை இருந்தால் உள்நோயாளியாகச் சேருங்கள். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், அது பெரும்பாலும் அதே நிலையமாகவே இருக்கும். அவர்கள் வாக்குமூலம் வாங்க வந்தால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிபட்டவரைக் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், காவலில் வைக்க உத்தரவிடும் முன் ‘போலீஸார் துன்புறுத்தினார்களா?’ என்று நடுவர் கேட்பார். நிலையத்திலிருந்து அழைத்து வரும்போதே ‘இல்லை என்று சொல்’ என மிரட்டி அனுப்புவது பழைய வழக்கம். அந்த இடத்தில் வாய் திறந்து சொல்வதும், காயத்தைக் காட்டுவதும், மருத்துவப் பரிசோதனை கேட்பதும் கைதானவரின் உரிமை. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கை நகலை அவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைக்கான புதிய சட்டம்) பிரிவு 53 சொல்கிறது. சிறையில் சேர்க்கும்போது அங்குள்ள மருத்துவர் எழுதும் குறிப்பும் நல்ல ஆதாரம்.

அடுத்தது கேமரா. காவல் நிலையங்களின் நுழைவாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை உள்ளிட்ட இடங்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உத்தரவிட்டது. காகிதத்தில் அப்படித்தான். அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் உயிரிழந்த சாத்தான்குளம் சம்பவத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதனால் 18 மாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ‘இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று ஒரு பக்க மனுவை நிலைய ஆய்வாளருக்கும் எஸ்.பி.க்கும் தனியாக அனுப்புங்கள். பதிவைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் வந்த பிறகு பதிவு காணாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. நிலையத்துக்கு எதிரே உள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களையும் மறக்க வேண்டாம். அவற்றின் சேமிப்பு பல இடங்களில் சில வாரங்கள்கூடத் தாங்காது.

செல்போனில் எடுத்த படம், பதிவு செய்த பேச்சு இருந்தால் அந்த போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். நகலை மட்டும் கொடுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் ஏற்கச் சான்றிதழ் வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கிறது. மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. யார் எப்போது எங்கே இருந்தார் என்பதைக் காட்டும் அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதை நீங்கள் நேரடியாக வாங்க முடியாது, வரவழைக்கும்படி மனுவில் கேட்கலாம்.

3. மனு எழுதுவது

முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். செலவு நகல் எடுப்பதற்கும் தபாலுக்கும் மட்டும்தான். காவல் அலுவலகங்களுக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் ‘அராஜகம்’, ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அந்த வார்த்தைகளால் ஒரு பயனும் இல்லை. விசாரிக்கும் அதிகாரிக்குத் தேவை தேதி, நேரம், இடம், பெயர் அல்லது அடையாளம், செயல், சாட்சி, ஆதாரம் ஆகியவைதான்.

ஒவ்வொரு செயலுக்கும் தனிப் பத்தி எண் போடுங்கள். பின்னர் குற்றச்சாட்டுகள் வகுக்கப்படும்போது அவை அப்படியே தனித்தனிக் குற்றச்சாட்டுகளாக மாற வசதியாக இருக்கும். ‘அழைப்பாணை இல்லாமல் அழைத்துச் சென்றார்’ ஒன்று, ‘இரவு முழுவதும் வைத்திருந்தார்’ இன்னொன்று, ‘அடித்தார்’ மூன்றாவது. அடித்ததை நிரூபிக்க முடியாமல் போனாலும், பதிவேட்டில் எழுதாமல் ஓர் ஆளை இரவில் நிலையத்தில் வைத்திருந்தது மட்டுமே தனி விதிமீறல். எங்கள் விஷயத்தில் கடைசியில் நின்றது அதுதான்.

மிகைப்படுத்தாதீர்கள். இரண்டு அறையை இருபது அடியாக எழுதினால், ஏ.ஆர். காப்பியோடு ஒப்பிட்ட முதல் நிமிடத்திலேயே முழு மனுவும் பொய்யாகத் தோன்றும். பொய்த் தகவல் தந்ததாக பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் புதிய சட்டம்) பிரிவு 217-இன் கீழ் உங்கள் மீதே நடவடிக்கை எடுக்கவும் வழி இருக்கிறது.

மனுவின் கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: துறை நடவடிக்கை, குற்ற வழக்குப் பதிவு, கேமரா பதிவு, நிலையப் பொது நாட்குறிப்பு ஆகியவற்றைக் கைப்பற்றுதல், சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சேராத அதிகாரியைக் கொண்டு விசாரித்தல்.

4. யாருக்கு அனுப்புவது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கோ 1100 உதவி எண்ணுக்கோ புகார் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அங்கிருந்து அது டி.ஜி.பி. அலுவலகத்துக்கும், எஸ்.பி.க்கும், டி.எஸ்.பி.க்கும் போய், கடைசியில் யார் மீது புகாரோ அவருடைய நிலையத்திலேயே வந்து விழும். ரைட்டர் போன் செய்து, ‘உங்க மனு வந்திருக்கு, ஸ்டேஷனுக்கு வாங்க’ என்பார். சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வரும்.

எனவே புகாருக்கு உள்ளானவரைவிட இரண்டு படி மேலே உள்ளவருக்கு அனுப்புங்கள். காவலர், தலைமைக் காவலர், எஸ்.ஐ. மீது என்றால் மாவட்டத்தில் எஸ்.பி.க்கு. இன்ஸ்பெக்டர் மீது என்றால் எஸ்.பி.க்கும் சரக டி.ஐ.ஜி.க்கும். டி.எஸ்.பி. மீது என்றால் டி.ஐ.ஜி., மண்டல ஐ.ஜி. எஸ்.பி. மீதே என்றால் டி.ஜி.பி., உள்துறைச் செயலாளர். சென்னை, மதுரை, கோவை போன்ற மாநகரங்களில் துணை ஆணையர், இணை ஆணையர், ஆணையர் என்று கணக்கு மாறும்.

நேரில் கொடுப்பது நல்லது. எஸ்.பி., ஆணையர் அலுவலகங்களில் புதன்கிழமைகளில் குறைகேட்பு நடக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை. மனு எண்ணுடன் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். நிலையத்தில் கொடுத்தால் தருகிற ரசீதுதான் சி.எஸ்.ஆர். அதற்குக் கட்டணம் இல்லை. நேரில் போக முடியாதவர்கள் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் கவுன்டரில் ‘பதிவுத் தபால்’ என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். அனுப்பிய ரசீதையும், சேர்ந்ததற்கான சான்றை இணையத்திலிருந்து எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனு கீழே இறங்கி அதே நிலையத்துக்கே வந்துவிட்டால் சண்டை போட வேண்டாம். ‘புகாருக்கு உள்ளானவரே விசாரிப்பது முறையல்ல, வேறு உட்கோட்ட அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்று எஸ்.பி.க்கு இரண்டு வரி எழுதி, பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு கடிதத்தில் எங்கள் மனு வேறு உட்கோட்டத்துக்கு மாறியது.

5. முதற்கட்ட விசாரணைக்கு அழைத்தால்

மனுவில் சாரம் இருக்கிறதா என்று பார்க்க, பொதுவாக டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையர் அளவில் முதற்கட்ட விசாரணை நடக்கும். போனில் அழைத்தால் ‘எழுத்தில் அழைப்பாணை அனுப்புங்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். போகும்போது ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உள்ளே விடாவிட்டாலும் வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது.

உங்கள் வாக்குமூலத்தை அவர்கள் எழுதுவார்கள், அல்லது தட்டச்சு செய்வார்கள். நகல் பெரும்பாலும் கிடைக்காது. இதற்கு ஒரே மருந்து, வீட்டிலேயே உங்கள் வாக்குமூலத்தை எழுதி, இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வது. பல மாதங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான். அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் இங்கே எழுதியதோடு ஒப்பிடப்படும்.

சமரசப் பேச்சு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். ‘அவருக்கும் குடும்பம் இருக்கிறது’, ‘நீங்கள் இந்த ஊரில்தானே இருக்கப் போகிறீர்கள்’ என்று அன்பாகவே தொடங்கும். சமரசம் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் துறைக் கோப்பு அன்றே மூடப்படும், குற்ற வழக்கிலும் அந்தத் தாள் உங்களுக்கு எதிராக வரும். வெற்றுத் தாளிலோ, இடைவெளி விட்ட தாளிலோ எக்காரணம் கொண்டும் கையெழுத்து வேண்டாம்.

6. ‘3-ஏ’, ‘3-பி’ மெமோ: துறை விசாரணை நடக்கும் விதம்

முதற்கட்ட அறிக்கை புகாரில் உண்மை இருப்பதாகச் சொன்னால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பார்கள். காவலர் முதல் சார்நிலைப் பணியில் உள்ளவர்களுக்கு 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் பொருந்தும். அவற்றின் 3-ஆவது விதியில் இரண்டு உட்பிரிவுகள். நிலையத்தில் ‘அவருக்கு 3-ஏ கொடுத்திருக்கிறார்கள்’, ‘3-பி’ என்று பேசிக்கொள்வது இதைத்தான்.

3-ஏ சிறு தண்டனைக்கானது. அவரிடம் எழுத்து விளக்கம் கேட்டு, அதைப் பார்த்துக் கண்டனம் போன்ற ஒரு தண்டனையோடு முடித்துவிடலாம். உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். 3-பி பெருந்தண்டனைக்கானது. விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். சாட்சிகளை வாய்மொழியாக விசாரிப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். ஆம், உங்களை அடித்தவரே எதிரே உட்கார்ந்து உங்களைக் கேள்வி கேட்கலாம். அதற்கு மனத்தளவில் தயாராகப் போங்கள். ‘தெரியாது’, ‘நினைவில்லை’ என்பவை கௌரவமான பதில்களே. ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து.

விசாரணை அதிகாரி தன் முடிவை எழுதி அனுப்புவார். அதன் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து, அவருடைய பதிலையும் வாங்கிய பிறகே இறுதி ஆணை. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணி நீக்கம் எல்லாம் இந்த வழியில்தான் வரும். நியமன அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் யாரும் ஒருவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது, முறையான விசாரணை இல்லாமலும் செய்ய முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவு. அவசரத்தில் நடைமுறையைத் தாண்டினால் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்துவிடும், அவர் நிலுவைச் சம்பளத்தோடு திரும்புவார். விசாரணை மெதுவாக நகர்வதற்கு இது உண்மையான காரணங்களில் ஒன்று. எல்லாத் தாமதத்துக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு செய்திகளைக் கேட்டு ஏமாறாதீர்கள். ‘ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டோம்’ என்பது தண்டனை அல்ல, இடமாற்றம். ‘சஸ்பெண்ட்’ என்பதும் தண்டனை அல்ல. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. 3 மாதத்துக்குள் குறிப்பாணை தராமல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளிதழில் சஸ்பெண்ட் செய்தி வந்ததோடு புகார்தாரர் திருப்தியடைந்து வீட்டுக்குப் போய்விட்டால், சில மாதங்களில் அவர் பக்கத்து நிலையத்தில் பணியில் இருப்பார். ‘குறிப்பாணை கொடுக்கப்பட்டதா, எந்த உட்பிரிவில்?’ என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

காவலில் சித்திரவதை என்ற புகாரில் இன்னொரு கதவும் உண்டு. காவல் நிலை ஆணை 151-இன்படி வருவாய்த் துறையின் கோட்ட அளவிலான அதிகாரி விசாரிக்கலாம். 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக் கைதிகளின் பற்களைப் பிடுங்கியதாக எழுந்த புகாரை முதலில் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான் விசாரித்தார். மனுவில் இந்த ஆணை எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். காவல் மரணம் என்றால் நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 196.

7. குற்ற வழக்குப் பதிய மறுத்தால்

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களில் முடியும் முதற்கட்ட விசாரணைக்கு இப்போது சட்டமே இடம் தருகிறது.

வரிசை இதுதான்: நிலையத்தில் புகார், மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(4)-இன் கீழ் எஸ்.பி.க்குத் தபாலில், அதற்கும் பதில் இல்லையென்றால் 175(3)-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு. நடுப்படியைத் தாண்டி நேரே நீதிமன்றம் போனால் மனு திரும்பும். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது அங்கே கட்டாயம் வேண்டும்.

அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் 175(4) குறுக்கே வரலாம். பணியின்போது நடந்த செயல் என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் பார்த்த பிறகே நடுவர் உத்தரவிடலாம் என்கிறது அது. அதற்கடுத்து, வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதி தேவை என்ற பிரிவு 218 வாதமும் எழும். 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகக் கருத வேண்டும் என்று புதிய சட்டம் சொல்வது நமக்கு ஆறுதல். அனுமதி கோரிய தேதியைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு பழைய வாதமும் உங்கள் முன் வைக்கப்படலாம். 1859-ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம், பிரிவு 53: காவலர் மீதான நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். கேட்டதும் பயந்துவிடாதீர்கள். வாக்குமூலம் பெற அடிப்பது அந்தச் சட்டப்படி செய்த கடமை ஆகாது, எனவே அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே தீர்த்துவிட்டது. இருந்தாலும் 3 மாதத்துக்குள் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

வழக்குப் பதிவானால் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். 90 நாட்களுக்குள் புலனாய்வின் நிலையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

8. வெளியே உள்ள அமைப்புகள்

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் இந்த ஓராண்டு கைநழுவிவிடும். தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒன்றில் நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி மற்றொன்று ஏற்காது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆணையம் பெரும்பாலும் எஸ்.பி.யிடமே முதலில் அறிக்கை கேட்கும். ‘புகார் பொய்’ என்று அது வரும். உங்கள் பதிலைக் கேட்டுக் கடிதம் வரும்போது குறித்த நாளுக்குள் பத்தி பத்தியாக மறுப்பு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாததால் முடிந்துபோகும் புகார்கள் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீட்டைச் சம்பந்தப்பட்ட அதிகாரியிடமிருந்து வசூலிக்கவும் முடியும்.

காவல்துறைப் புகார் ஆணையம் என்று ஒன்றும் இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கியது. நான் இதில் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன். ஆனாலும் ஒரு பிரதி அனுப்புவதில் நஷ்டமில்லை.

9. லஞ்சம் கேட்டார் என்றால்

அது ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறையின் வேலை. கொடுப்பதற்கு முன்பே போங்கள். ரசாயனம் தடவிய நோட்டோடு பொறி வைப்பார்கள். கட்டாயத்தால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், இந்த 7 நாள் கெடுதான் உங்கள் பாதுகாப்பு.

10. எதிர் வழக்குக்குத் தயாராக இருங்கள்

‘பணி செய்யவிடாமல் தடுத்தார்’ என்று உங்கள் மீதே வழக்கு வரலாம். பி.என்.எஸ். 132 அதற்கு வழக்கமான பிரிவு, ஜாமீனில் வர முடியாதது. புகார் கொடுத்த தேதி முந்தியது என்று காட்ட ரசீது இருந்தால் முன்ஜாமீன் மனுவில் பெரிய பலம். முன்ஜாமீன் இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 482. உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பழைய 482 இன்று 528 ஆகிவிட்டது. பழக்கத்தில் பலரும் இன்னும் மாற்றிச் சொல்கிறார்கள். நிலையத்துக்குள் போய்க் கத்துவது, அலைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிப்பது போன்றவை இந்த எதிர் வழக்கை நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

11. முடிவைக் கேட்டு வாங்குவது

துறை விசாரணையின் முடிவை யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால், ஏன் என்பது தகவல் அல்ல என்று முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: என் மனு எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ள அதிகாரிக்கு அனுப்பப்பட்டது? அறிக்கை எந்தத் தேதியில் வந்தது? குறிப்பாணை தரப்பட்டதா, எந்த உட்பிரிவில்? கோப்பு நிலுவையா, முடிந்ததா? என் வாக்குமூலத்தின் நகல்.

விசாரணை நடக்கும்போது அதற்கு இடையூறாகும் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள். முடிந்த பிறகு தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) காட்டுவார்கள். ஊழியருக்குத் தரப்பட்ட மெமோ, தண்டனை விவரங்கள் தனிப்பட்டவை என்று 2012-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகம். 2025 நவம்பர் முதல் அந்தப் பிரிவு இன்னும் இறுகியிருக்கிறது. பொதுநலனைப் பேசும் 8(2)-ஐயும், புகார்தாரர் என்ற உங்கள் நிலையையும் சுட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று பதில் வந்தால், ஒழுங்கு விதிகளின்கீழ் மேல்முறையீடு செய்யும் உரிமை புகார்தாரருக்கு இல்லை. சரக டி.ஐ.ஜி.யிடம் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. தண்டனை கிடைத்திருந்தாலும் அவர் மேல்முறையீடு செய்வார், சில ஆண்டுகள் கழித்து விஷயம் மீண்டும் கிளம்பலாம். ஆகவே அசல் ரசீதுகள், முத்திரை வாங்கிய வாக்குமூலம், அந்தப் பழைய போன் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள்.